நெத்தி டாக்டர்

பெரியம்மா எதையும் கேட்டவுடன் கையில் கொடுத்துவிட மாட்டாள். வீட்டுச் சாவியோ கரண்டியோ ஊசியோ, எதுவானாலும் முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொள்வாள். நாலைந்து மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் நீட்டுவாள். வாங்குகிறவர் கையில் அது இளஞ்சூடாக வந்து விழும். சின்ன வயதில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பேனாவைக் கேட்டுவிட்டு அவள் முன்னால் குதித்துக்கொண்டு நிற்பேன். "குடேன் பெரியம்மா!" என்றால், "இரு, பேனாவுக்குக் குளிருது" என்பாள். அது அவளுடைய கோணல்களில் ஒன்று என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். அவள் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியிலேயே எனக்கும் வேலை கிடைத்த பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. நனைத்த பஞ்சைக் குழந்தையின் மேல் வைப்பதற்கு முன்னால் அவள் அதை மூடிய கைக்குள் வைத்துச் சூடேற்றுவாள். பத்தொன்பது வருடம் அப்படிச் செய்த கைக்குப் பஞ்சும் பேனாவும் ஒன்றாகிவிட்டன.

அந்தக் கையைப் பற்றி நல்லதை மட்டும் எழுத எனக்கும் ஆசைதான். முடியாது.

ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவள் வார்டு உதவியாளர். பிறந்த குழந்தையைத் துடைப்பது, துணி மாற்றுவது, தொட்டிலையும் தரையையும் கழுவுவது அவள் வேலை. நான் அங்கே போனது குழந்தைகளின் காதைச் சோதிக்கும் பிரிவுக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தங்குவதற்கு வேறு இடம் தேடவில்லை. பெரியம்மா வீட்டிலேயே இருந்துகொண்டேன். காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவோம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அவள் பின்கட்டுக்குப் போவாள், நான் மாடிக்குப் போவேன். என் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அவளுக்கு அது கிடையாது. சீருடைச் சேலைதான் அடையாளம்.

வார்டுக்கு இறங்கிவந்து நாங்கள் செய்யும் அந்தச் சோதனையை இங்கே சொல்லிவிடுகிறேன். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஒன்று, பிடரியில் ஒன்று, தோளில் ஒன்று என்று மூன்று உணரிகளை ஒட்டவேண்டும். காதுக்குள் மெல்லிய டிக் டிக் சத்தம் போகும். அந்தச் சத்தத்துக்கு மூளை பதில் சொல்கிறதா என்று உணரிகள் தோலுக்கு மேலிருந்தே மோப்பம் பிடிக்கும். சிக்கலே தோலில்தான். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையின் மடிப்புகளில் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சு இன்னும் ஒளிந்திருக்கும். அதற்குமேல் ஆசையாக யாராவது தடவிய எண்ணெய். எண்ணெய்க்கு மேல் பவுடர். உணரி நன்றாகப் பிடித்தால் இயந்திரத்தில் பச்சை விளக்கு எரியும். அரைகுறையாகப் பிடித்தால் மஞ்சள். மஞ்சளிலும் சோதனை நடக்கும், ஆனால் நன்றாகக் காது கேட்கும் குழந்தையையும் 'மறுபடி பார்க்கவும்' என்று தள்ளிவிடும். மூன்றும் பச்சையாக இருந்தும் 'மறுபடி பார்க்கவும்' என்று வந்தால் விஷயம் வேறு. அப்போது தோலைக் குறை சொல்ல முடியாது.

தோலைத் துடைத்துத் தயார் செய்வது எங்கள் வேலை. பயிற்சியில் அதற்கென்றே அரை நாள் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது குழந்தைகள். என்னோடு வேலை பார்த்தவள் முதல் வாரமே மூக்கைச் சுளித்தாள். "துடைக்கிறதுக்கா நாலு வருஷம் படிச்சோம்?" நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை என் வாயிலிருந்து பிடுங்கி எறியத் தோன்றுகிறது. துடைத்தே பத்தொன்பது வருடம் கழித்தவள் அடுத்த அறையில்தான் இருந்தாள்.

எங்கள் பிரிவுத் தலைவருக்குப் 'பச்சைவிளக்கு' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "பச்சை வந்துச்சா இல்லையா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நேரம் போதவில்லை என்று நாங்கள் சொன்னதும் ஒரு டப்பா பசையை வாங்கிக் கொடுத்தார். பொடி மணல் கலந்தது போன்ற பசை. பெரியவர்களின் முரட்டுத் தோலுக்காகச் செய்தது. "இதைத் தேய்ங்க, உடனே பச்சை வரும்" என்றார். வந்தது. கூடவே குழந்தையின் நெற்றியில் சுரண்டியது போலச் சிவப்பும் வந்தது.

முதலில் அதைப் பார்த்தவள் பெரியம்மா. தொட்டிலில் குனிந்தவள் நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஏம்மா, இது குழந்தையா, அடிப்பிடிச்ச பாத்திரமா?"

"சார்தான் தேய்க்கச் சொன்னாரு ஆயாம்மா" என்றாள் என்னுடன் இருந்தவள்.

"சார் சொன்னா கண்ணு தெரியாம போயிடுமா?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் நின்னு வேடிக்கை பார்த்தியா?"

பச்சைவிளக்கு உள்ளே வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். பெரியம்மா அந்த டப்பாவைத் திறந்து ஒரு விரலில் பசையை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள்.

"சார், கொஞ்சம் குனிங்க. உங்க நெத்தியில தேய்ச்சுப் பார்க்கிறேன். பச்சை வருதா சிவப்பு வருதான்னு எல்லாரும் பார்க்கட்டும்."

வார்டே சிரித்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய், "அய்யோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று கெஞ்சினாள். பசை டப்பா குப்பைக்குப் போனது. மறுநாளிலிருந்து பெரியம்மாவே துடைத்தாள்.

அவள் துடைப்பதைப் பார்க்கவேண்டும். பால் குடித்துக் கண் சொருகும் நேரமாகப் பார்த்து வருவாள். கைச்சூட்டில் இருந்த பஞ்சை நெற்றியில் ஒரே திசையில் இழுப்பாள். முன்னும் பின்னும் தேய்க்கமாட்டாள். பிடரி மடிப்பை இரண்டு விரலால் விரித்து, உள்ளே ஒளிந்திருக்கும் வெள்ளையைத் தேடித் தேடி எடுப்பாள். அதன்பின் காய்ந்த பஞ்சு. அதன்பின் ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பாள். "அவசரப்படாத, தோலு மூச்சு விடட்டும்" என்பாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். நான் ஒட்டுவேன். பச்சை, பச்சை, பச்சை. குழந்தை விழித்திருக்காது.

முன்பு பத்துக் குழந்தைக்கு மூன்று திரும்ப வரவேண்டியிருந்தது. அது இருபதுக்கு ஒன்றாகக் குறைந்தது. செவிலியர்கள் அவளுக்கு 'நெத்தி டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். "டாக்டரம்மா, ஒம்பதாம் கட்டிலுக்கு ஒரு நெத்தி!" என்று கத்துவார்கள். "ஃபீஸைத் தனியா எடுத்து வை!" என்று இவள் பதிலுக்குக் கத்துவாள். பச்சைவிளக்கு அந்தக் குறைந்த கணக்கை வரைபடமாகப் போட்டு ஒரு கூட்டத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கிவந்தார். பெரியம்மாவின் பெயர் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. விதிப்படி உதவியாளர்கள் சோதனைக்காகக் குழந்தையைத் தொடக்கூடாது. படிவத்தில் 'தோலைத் தயார் செய்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தினமும் முப்பது முறை கையெழுத்துப் போட்டது நான்.

அவளைப் பயிற்சி பெற்றவளாகப் பதிவு செய்யலாமே என்று ஒருமுறை பச்சைவிளக்கிடம் கேட்டேன். "எட்டாவது படிச்சவங்களை எந்தக் கட்டத்துல போடுறது? வேலை நடக்குதில்ல, விடும்மா" என்றார். விட்டேன்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அதற்குள் அவளுக்கு ஒரு நம்பிக்கை வேர்விட்டிருந்தது. மறுபடி பார்க்கவும் என்று வந்த ஒவ்வொரு குழந்தையையும் அவள் திரும்பத் துடைப்பாள், அடுத்த முறை பெரும்பாலும் தேறிவிடும். பெற்றவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். இவள் துடைத்ததும் சிரிப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு குழந்தைகள் தேறாமல் போனதுண்டு. அவர்களை நாங்கள் மேல்சோதனைக்கு வேறிடம் அனுப்பிவிடுவோம். அங்கே என்ன ஆனது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தேறியவை. ஆகவே ஒருநாள் காலையில் பேருந்தில் எனக்கு உலக நியாயம் சொல்வது போலச் சொன்னாள்:

"காது கேக்காத குழந்தைன்னு ஒண்ணு கிடையாது. சரியா துடைக்காத குழந்தைதான் இருக்கு."

"அப்படிச் சொல்லாத பெரியம்மா."

"நீ புத்தகத்துல பார்த்த. நான் தொட்டுப் பார்த்திருக்கேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளோடு வாதாட எனக்குத் தயக்கம். என் கையெழுத்துக்குப் பின்னால் இருந்தது அவள் கை. எந்த முகத்தோடு திருத்துவேன்?

தையல் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆட்கள் அதிகம் இல்லை, கணவன் வெளியூரில், மாமியார் மாலையில் மட்டும் எட்டிப்பார்ப்பார். பெரியம்மா குழந்தையைத் துடைத்தாள். மூன்றும் பச்சை. முடிவு: மறுபடி பார்க்கவும். இரண்டு காதிலும். மறுநாள் மறுபடியும் துடைத்தாள், வழக்கத்தைவிட நேரமெடுத்து. மூன்றும் பச்சை. அதே முடிவு.

தையல்காரப் பெண் கேட்டாள், "என்னங்க, காது கேக்காதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா பதில் சொல்லிவிட்டாள். "சும்மா பயப்படாத கண்ணு. இதோ பாரு, பிடரியில மடிப்பு எவ்வளவு ஆழமா இருக்கு? உள்ள பூச்சு நிக்குது. வெதுவெதுன்னு தண்ணியில துணியை நனைச்சு தினம் இந்த இடத்தை இதமா துடை. தானா சரியாயிடும். இதுக்காக மறுபடி இவ்வளவு தூரம் அலைய வேணாம்."

நான் மறுசோதனை அட்டையை நீட்டினேன். "ஒரு மாசத்துல கட்டாயம் வந்துடுங்க. தேதி போட்டிருக்கு."

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். "இந்தம்மா வேணாம்ங்கிறாங்களே?"

"படிச்ச புள்ள, எழுதித்தான் கொடுப்பா. வரதுன்னா வா" என்றாள் பெரியம்மா. "ஆனா ஒண்ணும் இருக்காது."

மூன்றும் பச்சை. எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு அந்த விளக்குகளின் முழு அர்த்தம் தெரியாது, எனக்குத் தெரியும். "இது தோல் இல்லைங்க" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். தாயின் எதிரில் பெரியம்மாவை மட்டம் தட்டவேண்டாம், அட்டைதான் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்று இன்னும் பதினேழு குழந்தைகள் பாக்கி.

தேதி வந்தது, அவள் வரவில்லை. பதிவேட்டில் இருந்த கணவனின் எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். "வெளியூர்ல இருக்கேன், வீட்டுல சொல்றேன்" என்றான். மூன்றாம் முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அவள் வந்தபோது குழந்தைக்குப் பதினான்கு மாதம். நடக்கத் தொடங்கியிருந்தது. கீழே கதவு படீரென்று சாத்திக்கொண்டதில் நாங்கள் எல்லோரும் துள்ளினோம். குழந்தை திரும்பவில்லை, என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. ஒட்டுவதற்காகப் பிடரி முடியை விலக்கினேன். அங்கே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"தினம் துடைச்சேங்க" என்றாள் தையல்காரப் பெண். "அந்தம்மா சொன்ன மாதிரியே. காய்ச்சல் வந்த நாள்லகூட விடல."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் கறுத்த தோலைப் பார்த்தபோது பெரியம்மாவின் கையை முறிக்கவேண்டும் போலிருந்தது. பச்சைவிளக்கின் வரைபடத்தைக் கிழித்து அவர் வாயில் திணிக்கவேண்டும் போலிருந்தது. என் கையெழுத்துகள் ஒவ்வொன்றையும் அழிக்கவேண்டும் போலிருந்தது. ஒன்றையும் செய்யவில்லை. மேல்சோதனைக்கு எழுதிக்கொடுத்தேன். அங்கே உறுதி செய்தார்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு காதிலும் அநேகமாக ஒன்றும் கேட்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் பேச்சு இன்னும் எளிதாக வந்திருக்கும் என்றார்கள். தையல்காரப் பெண்ணின் மாமியார் சும்மா இருப்பாரா? "அட்டை கொடுத்திருக்காங்க, இவதான் சோம்பல்பட்டுக் கூட்டிட்டுப் போகல" என்று தெரு முழுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி அம்மா சொன்னது என்று இவள் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. அதனால்தான் புகார் எழுதினாள். வேறு எதற்காகவும் இல்லை.

விசாரணை பச்சைவிளக்கின் அறையில் நடந்தது. அவர், கண்காணிப்பாளர், தையல்காரப் பெண், பெரியம்மா, நான். பெரியம்மா ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது.

"இவங்கதான் சொன்னாங்க" என்றாள் தையல்காரப் பெண். குழந்தை அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. நான் தரை கழுவுறவ. எனக்கு என்ன தெரியும்?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. தலைவரின் நெற்றிக்குப் பசை கொண்டுபோன அதே பெண்ணா?

தையல்காரப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்க அங்கதானே நின்னீங்க?"

"சொன்னாங்க" என்றேன். "நான் கேட்டேன்."

பச்சைவிளக்கு கோப்பைத் திருப்பினார். "உதவியாளர் சோதனையில கலந்துக்கிட்டதா ஆவணமே இல்ல. தயார் செஞ்சது நீதான்னு கையெழுத்து இருக்கு. அட்டை கொடுத்திருக்கு. ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கு. அப்புறம் என்ன?" என்று என்னிடம் கேட்டார். பிறகு தையல்காரப் பெண்ணிடம், பரிவாகச் சொல்வதுபோல், "பிரசவ அசதியில தப்பா ஞாபகம் இருக்கலாம்மா" என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் சேர்த்துத் தையல்காரப் பெண்ணின் தலையிலேயே கட்டி அனுப்பினார்கள். மூன்று விளக்கும் பச்சையாக இருந்தது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்த அறையில் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஏன் பொய் சொன்ன?"

"தூக்கி வளர்த்த கையை அத்தனை பேர் முன்னாடி காட்டிக்கொடுத்துட்டு வந்து என்னைக் கேள்வி கேக்குறியா?"

"அந்தக் குழந்தையோட பிடரியைப் பார்த்தியா நீ? புண்ணாகிக் காய்ஞ்சு கறுத்திருக்கு. அதைப் பெத்தவ தினம் துடைச்சிருக்கா, நீ சொன்னேன்னு."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அடுத்த கணம் வெடித்தாள். "எத்தனை குழந்தையைத் துடைச்சேன்? ஒருத்தன் என் பேரை எழுதினானா? நல்லது நடந்தப்போ நான் தரை கழுவுறவ. தப்பு நடந்தா மட்டும் நான் டாக்டரா? பேரே இல்லாதவ எப்படிப் பதில் சொல்லுவா? எந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுவா?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்லியே ஒருத்தி தப்பித்துக்கொள்ள முடியும் என்பதுதான் என்னை எரித்தது. "நீ சொல்றதெல்லாம் சரி" என்றேன். "ஆனா இதையெல்லாம் அந்தப் பொண்ணா உனக்குச் செஞ்சா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று மூன்று பேருக்குச் சமைத்ததை மூன்று பேரும் தொடவில்லை. பெரியப்பா மட்டும், "ரெண்டு பேரும் கத்தினது பக்கத்து வீட்டு ரேடியோவையே அமுக்கிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

பெரியம்மா ஓய்வு பெற்றாள். செவிலியர்கள் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பச்சைவிளக்கு 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லை நான்கு முறை சொன்னார். இப்போது தோல் துடைப்பது நாங்கள்தான். எனக்கு எட்டு நிமிடம் ஆகிறது. குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுகிறார்கள். விளக்குகளின் அர்த்தத்தை ஒவ்வொரு தாயிடமும் நானே சொல்கிறேன்.

தையல்காரப் பெண்ணைப் பல வியாழக்கிழமைகளில் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருக்கும் பயிற்சி அறைக்குக் குழந்தையைக் கூட்டிவருகிறாள். குழந்தையின் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. போன மாதம் அவள் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"உங்க பெரியம்மா எங்க வீட்டுக்கு ஒரு தடவை வருவாங்களா? சண்டை போடக் கூப்பிடல. எங்க மாமியார்கிட்டயும் இவர்கிட்டயும், 'ஆமா, நான்தான் சொன்னேன்'னு ஒரு வார்த்தை. அது போதும். நான் பொய்க்காரி இல்லன்னு தெரிஞ்சா போதும்."

அன்று மாலையே பெரியம்மாவிடம் சொன்னேன். "போறேன்" என்றாள். அடுத்த வாரம் முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்த வாரம், "அவ மாமியார் என்ன பேசுவாளோ" என்றாள். ஒருநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரை போய்விட்டுக் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினாள். நான் கத்தினேன். அவள் சோப்பை அலமாரியில் அடுக்கினாள்.

பொறுக்காமல் நானே போனேன். தையல்காரப் பெண்ணின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அன்று நடந்ததை மூன்று பச்சை விளக்குகள் உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். இதில் என் பங்கு என்ன என்பதையும் சொன்னேன். தையல்காரப் பெண் எழுந்து குழந்தையிடம் போய்விட்டாள். மாமியார் முழுவதும் கேட்டார்.

"துடைச்சா சரியாயிடும், வர வேணாம்னு சொன்னது நீங்களா?"

"இல்லைங்க. எங்க பெரியம்மா."

"அவங்க உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்போ சொன்னவங்க வந்து சொல்லட்டும்" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. திரும்பி வந்து அதை அப்படியே பெரியம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேருந்து மாறினால் அந்த வீடு. இன்றுவரை அவள் போகவில்லை.